வலது பக்கத்து மதில்

வெள்ளவத்தை
1996 நவம்பர்

அன்பின் நாகேஸ்வரிக்கு,

நான் நலம். நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேணும். நாகேந்திரத்தார் மெட்ராஸ் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுவதால், தபாலில் எழுத முடியாததையும் எழுதலாம்.

வீட்டு வேலை முடிந்ததா என்று கேட்டிருந்தீர். முடியவில்லை. தை மாதம் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து, நீர் பிள்ளையோடு அங்கே போன கையோடு தொடங்கிய வேலை. ஊருக்கெல்லாம் சீமெந்தும் கம்பியும் விற்கிறவன் நான், என் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் நேரத்துக்கு வந்து சேருதில்லை. சோதனைச் சாவடியில் மணல் லொறியை மறித்து, மணலுக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கிறார்கள். மேல்மாடிக்குக் கூரை வந்துவிட்டது, யன்னல் வரவில்லை. குசினியை உடைத்துவிட்டபடியால் குளியலறை வாசலில் அடுப்பு வைத்துத் தேத்தண்ணி போடுகிறேன். கடையில் நின்றால் வீட்டு யோசனை, வீட்டில் நின்றால் கடை யோசனை. ஓரிடத்தில் இருக்க முடியுதில்லை.

மேசன் செல்லையா பாஸும் அவருடைய ஆட்கள் இருவரும் அட்டன் பக்கத்தவர்கள். கீழறையில்தான் படுக்கை. பொலிசில் பதிந்து, பதிவுத் துண்டும் வைத்திருக்கிறேன்.

கட்டுவதைவிடப் பெரிய வேலை அக்கம்பக்கத்தைச் சமாளிப்பது. இடது பக்கத்து உம்மு குல்தூம் துணி காயப்போடுகிற நேரம் சல்லடை பிடிக்கக் கூடாது, பகலில் கண்ணயரும்போது சுத்தியல் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லியிருக்கிறேன். போன கிழமை வாசலில் நின்று, "மொதலாளி, ஒங்கட ஊடு முடியிறதுக்குள்ள எனக்கு மௌத்து வந்துரும் போல ஈக்கிது" என்றா. வந்தால் அன்றைக்கு மட்டும் வேலையை நிறுத்துகிறேன் என்றேன். சிரித்துவிட்டு, பின்னேரம் வட்டிலப்பம் அனுப்பினா. ஏசுகிற ஆட்களிடம் எனக்குப் பயமில்லை. பேசாமல் இருக்கிற ஆட்களிடம்தான்.

பியசேன மாத்தையா வீட்டைத்தான் சொல்கிறேன். வலது பக்கத்து மதிலை உயர்த்திப் போத்தல் ஓடு பதித்தால்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று நீர் கண்டிப்பாக எழுதியிருந்தீர். எழுதியபடியே செய்தேன். ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, பச்சைப் போத்தல் உடைத்துப் பதித்தோம். அந்த மனுசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மதில், என் சீமெந்து என்று நினைத்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பலகாரத் தட்டு அனுப்பினேன். மதிலுக்கு மேலால் கொடுக்க வழியில்லை, செல்லையா பாஸ் ரோட்டால் சுற்றிக் கொண்டுபோனார். அன்றைக்கே தட்டு ரோட்டால் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக. மாத்தையாவின் மனுசி குசுமா நோனா நம்முடைய தட்டை வெறுமையாகத் தந்த நாள் உண்டா? இரண்டு வாழைப்பழமாவது இருக்கும். மனம் கேளாமல் மேல்மாடியில் ஏறி அந்தப் பக்கம் பார்த்தேன். மதிலடியில் முக்காலியைக் காணவில்லை. கட்டை மனுசி என்றபடியால் அதில் ஏறி நின்றுதானே எதையும் நீட்டுவா. அந்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அதில் ஏறி நின்றுதான் உம்முடைய கையிலிருந்து பிள்ளையை வாங்கினா. பிறகு உம்மையும் இழுத்து எடுத்தா. மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடந்த முக்காலி.

இவ்வளவும் எழுதிவிட்டு மூடி வைத்தேன். அடுத்த நாள் விடிய ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு. செல்லையா பாஸையும் ஆட்களையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். துண்டைக் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முன்பெல்லாம் பியசேன மாத்தையா தன் விறாந்தையில் இருந்து கண்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நம் கேற்றடிக்கு வந்துவிடுவார். தம்பி, இவர்களை எனக்குத் தெரியும் என்று சிங்களத்தில் சொல்வார். அத்தோடு போய்விடுவார்கள். அன்றைக்கு அவர் வரவில்லை. மூன்று பேரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். புதுக்கடை நீதிமன்றத்தடியில் சட்டத்தரணி பிடித்து, அலைந்து, மறுநாள்தான் வெளியே எடுத்தேன். செல்லையா பாஸின் கன்னம் வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "விழுந்துட்டேங்க" என்றார்.

கோபத்தோடுதான் பியசேன மாத்தையா வீட்டுக்குப் போனேன். என்னை இருத்தினார். ட்ரக் சத்தம் கேட்டதாம். எந்த வீடு என்று தெரியவில்லையாம். மதில் மறைக்கிறது, முதலாளி என்றார். குசுமா நோனா கதவடியில் நின்றபடி, அந்தப் போத்தல் ஓடு யாருக்கு, எனக்கா என்று கேட்டா. எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். நீர் கேட்டுத்தான் கட்டினேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மதிலைப் பழைய உயரத்துக்கு இடிக்கச் சொன்னேன். "கட்டவும் கூலி, இடிக்கவும் கூலி, இப்புடி ஒரு மொதலாளிய எங்கங்க பாக்குறது" என்றார் செல்லையா பாஸ், வீங்கின கன்னத்தோடு. போத்தல் ஓடு எல்லாம் சாக்குக்குள் போய்விட்டது.

உமக்குக் கோபம் வரும். சிறு சத்தத்துக்கும் நீர் எழும்பி இருக்கிறதை இத்தனை வருசமாகப் பக்கத்தில் கிடந்து பார்த்தவன் நான். ஆனால் நாகேஸ், யோசித்துப் பாரும். அந்த ஆடியில் வந்தவர்கள் கேற்றால் வந்தார்கள். மதிலால் போனது நாங்கள்தான். கேற்றுக்கு நீர் சொல்கிற இரும்பைப் போடுகிறேன், கடையில் நல்லதாகவே கிடக்கிறது. இந்தப் பக்கத்தை மட்டும் இப்படியே விட்டுவிடும்.

இன்று காலை தேத்தண்ணியோடு மேலே ஏறிப் பார்த்தேன். முக்காலி மதிலடிக்கு வந்துவிட்டது. ஒரு கால் புதிது, இன்னும் வர்ணம் பூசவில்லை. உளுத்துப்போன காலை மாற்றத்தான் உள்ளே எடுத்தார்களோ, அல்லது வேறு எதற்கோ, எனக்குத் தெரியாது. கேட்கப் போவதுமில்லை.

யன்னல் வராவிட்டாலும் நீர் தைப்பொங்கலுக்கு வந்துவிடும். தூசிதான் இருக்கும், துடைக்கலாம். நான் நீட்டினால் அது வெறும் பொங்கல் தட்டு. நீர் வந்து, உம்முடைய கையால் அந்த மதிலுக்கு மேலால் நீட்ட வேணும். பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தும். அன்றைக்குத் தூக்கி எடுத்தது இந்த ஒரு வருசத்துக்குள் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அந்த மனுசி ஒருக்கால் பார்க்கட்டும்.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். கடவுள் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
சிவானந்தன்