லோகேஷ் கேட்ட டி டிரைவ்

செப்டம்பர் 22
காலையில் காபி குடித்து முடிப்பதற்குள் லோகேஷ் ஆரம்பித்துவிட்டான். "மாமா, ஹார்டு டிஸ்க்கை ரெண்டா பிரிச்சிடலாம். சி-ல விண்டோஸ், டி-ல நம்ப டிசைன். நாளைக்கு விண்டோஸ் கெட்டுப்போச்சின்னா அதை மட்டும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக்கலாம்."
என் மனைவி சங்கரியின் தம்பி, கடையில் டிசைன் வரைபவன். நல்ல பிள்ளைதான். ஆனால் இத்தனை நாள் ஒன்றாக இருந்தது இப்போது ஏன் இரண்டாக வேண்டும்?

செப்டம்பர் 24
சேலைக் கரை, முந்தானை என்று எங்கள் கடையில் வரைந்த அத்தனை டிசைனும் அந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான். ஒன்று வெளியே போனாலும் பட்டுக்கடை முதலாளிகள் அடுத்த வேலை தரமாட்டார்கள். இன்று பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் அன்னப்பட்சிக் கரை போலவே ஒன்றைப் பார்த்தேன். கழுத்து கொஞ்சம் குட்டை. கழுத்தைக் குறைக்க லோகேஷுக்கு எவ்வளவு நேரமாகும்?

செப்டம்பர் 26
"டி-க்கு பாஸ்வேர்டு உண்டா?" என்று கேட்டேன்.
"நமக்குள்ள என்னாத்துக்கு மாமா பாஸ்வேர்டு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆயுத பூஜை முடியட்டும், பார்க்கலாம் என்றேன்.
சங்கரிக்குக் கோபம். "என் தம்பி உங்க சொத்தையா எழுதிக் கேக்கறான்?"

செப்டம்பர் 30
லோகேஷ் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தபோது அவன் பையைத் திறந்தேன். திறக்கலாமா? திறந்தாயிற்று. உள்ளே ஒரு சின்ன ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் — அன்னம், யாளி, ருத்ராட்சம், எல்லாக் கரையும். மடியில் கனமில்லையென்றால் என்னிடம் சொல்லியிருப்பானே. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அவனாகக் கேட்கட்டும்.

அக்டோபர் 1
ஆயுத பூஜை. லோகேஷ் கூரத்திலுள்ள மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். தறிக்கு டிசைன் அட்டையில் துளை போடுகிற கார்டு மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் வந்தால், திரை இருட்டு, பெட்டியில் மட்டும் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு சீட்டு: 'அணைக்க வேண்டாம் — லோகேஷ்.'
பூஜையன்று எந்தக் கருவிக்கும் வேலை கொடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? யாருக்கு எதை அனுப்பிக்கொண்டிருக்கிறான்? பிளக்கைப் பிடுங்கினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது. சுண்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 2
விஜயதசமி. கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை.
"டிஸ்க்கைப் பிரிச்சிக்கினு இருக்கும்போது யாரு மாமா புடுங்கினது? பழைய டிஸ்க்கு, ராவெல்லாம் ஓடும்னுதான் லீவுல போட்டேன். சீட்டு வேற ஒட்டினேனே." நான் பெட்டியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தேன். "சரி வுடு மாமா. பிரிக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் காப்பி எடுத்து வெச்சிருக்கேன்" என்று பைக்குள் கைவிட்டான்.
பையைக் கவிழ்த்தான். மேசைக்கு அடியில் படுத்துத் தேடினான். "மூணு வருசம் மாமா. எல்லாம் போச்சி" என்று தரையில் உட்கார்ந்து அழுதான்.
ஐயோ, என்னா வேலை பண்ணிட்டேன். வீட்டுக்கு ஓடி, வேட்டிக்கு அடியிலிருந்து எடுத்து வந்து அவன் கையில் வைத்தேன். எங்கே இருந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 4
அந்தப் பெரிய காஞ்சிபுரத்துக் கடைக்குள் போய்ச் சேலையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அன்னமில்லை, மயில்.

அக்டோபர் 7
டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தாயிற்று. சி-யில் விண்டோஸ், டி-யில் டிசைன், எல்லாம் பத்திரம். யாளிக் கரையைப் பார்க்கலாம் என்று டி-யைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது.
லோகேஷ் பக்கத்திலேயே இருந்தான். "எது மாமா வேணும்? சொல்லு, நானே எடுத்துத் தர்றேன்" என்றான்.