ஒண்டும் கொண்டு வராதையும்

இன்று காலையில் இந்த வருஷத்துக்கு முதல்தரமாக ஹீட்டரைப் போட்டேன். கோடை முழுக்க அதற்குள் படிந்து கிடந்த தூசி கருகி, வீடெல்லாம் அந்த மணம். "ஆரோ அப்பளத்தைக் கருக்கிப்போட்டினம்" என்று நீர் சொல்லுவீர். ஒவ்வொரு வருஷமும் அதே பகிடிதான், ஒவ்வொரு வருஷமும் நான் சிரிப்பேன். இன்றைக்கு யன்னலைத் திறந்துவிட்டுக் கதிரையில் இருந்து அழுதேன்.

டோர்வல் விமான நிலையத்தடியில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலையில், பதினாறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கோட்-டெ-நெய்ஜில் உமது வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் இரண்டு தெருதான். இலை மஞ்சளாகத் தொடங்கினால் உமக்கு ஒரு விசர் பிடிக்கும். சூட்கேசுக்குள் கிடந்த ஜக்கெற்றுகளை எடுத்து உதறி வெயிலில் போடுவீர். பல்கனியில் நிற்கிற கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்க என்னைக் கூப்பிடுவீர். தூக்கி முடித்துத் தேத்தண்ணி குடிக்கையில் திட்டம் போடத் தொடங்குவீர். "இந்த முறை கட்டாயம் அப்பிள் புடுங்கப் போறம், சொல்லிப்போட்டன்." "ஒருக்கா அந்த மஞ்சள் லைன் மெட்ரோவில ஏறி, ஆத்துக்குக் கீழால லொங்குய்ய்க்குப் போட்டு வருவம். அங்க என்னதான் இருக்கெண்டு பாப்பம்." என்ன இருக்கும், எங்களைப்போல வேலைக்கு ஓடுகிற சனம்தான் இருக்கும் என்று நான் நக்கலடிப்பேன். ஆத்தைக் கடக்க ஒரு பத்து நிமிஷம் வருமா? பதினாறு வருஷமாகப் போகவில்லை. ஒருமுறை ஓவர்ரைம், ஒருமுறை மழை, ஒருமுறை என் முழங்கால். "பேந்து போவம்" என்று ஒவ்வொரு தரமும் சொன்னது நான்தான்.

போன வருஷம், இதே மாதிரிக் குளிர் தொடங்கின கிழமையில், மூச்செடுக்க ஏலாமல் போய் உம்மை ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து மறித்துவிட்டார்கள். திங்கட்கிழமை பின்னேரம் எனக்கு ஃபோன் எடுத்தீர். மூச்சுத்தான் இளைத்தது, வாய் இளைக்கவில்லை.

"இஞ்சேரும், இங்க விடுப்பு, ஊர்ப்புதினம் கதைக்க ஒரு ஆளில்லை. பக்கத்துக் கட்டில்காரி பிரெஞ்சிலதான் கதைக்கிறா. நான் மெர்சி, மெர்சி எண்டு தலையாட்டிக்கொண்டு கிடக்கிறன். நாளைக்கு வாரும்."

"வாறன். என்ன கொண்டு வர?"

"ஒண்டும் கொண்டு வராதையும். சும்மா வாரும்."

எங்கட சனத்தில் இப்படிச் சொல்லாத நோயாளி ஆர்? அதைக் கேட்டு, உண்மையாகவே கையை வீசிக்கொண்டு போன ஆள்தான் ஆர்? நீர் சொன்னதை நான் வாய்மரியாதை என்றுதான் எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு உமக்கு இறங்காது, இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு போவோம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வேலை முடியப் பிந்திவிட்டது. புதன்கிழமை பார்த்தால் வீட்டில் சிவப்பரிசி மா இல்லை. வியாழன் மா வாங்கினேன், அவிக்கக் களைப்பு. செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை நாலு நாளும் வேலைக்குப் போகிற பஸ் உமது ஆஸ்பத்திரி வாசலில் நின்றுதான் போனது. கதவு திறக்கும், நாலு பேர் இறங்குவார்கள், கதவு மூடும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். இறங்கியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் உமது கட்டிலடிக்கு வந்திருப்பேன். கையில் ஒன்றும் இல்லையே என்று இருந்த இடத்திலேயே இருந்தேன்.

உம்மட்ட ஒளித்து என்ன, உண்மையைச் சொல்கிறேன். உமது வாய்க்கு ருசியாக ஏதும் தரவேண்டும் என்பது பாதிதான். வெறுங்கையோடு வந்து நின்றால் உமது மகள் என்ன நினைப்பாள், பார்க்க வருகிற சனம் என்ன கதைக்கும் என்பது மற்றப் பாதி. என்ர மரியாதைக்காக உம்மைக் காக்க வைத்தேன். சீ, என்ன மனிசி நான்!

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவழியாக முப்பது இடியப்பம் அவித்தேன். தேங்காய்ப்பால் விட்ட சொதி, இடித்த சம்பல். சனிக்கிழமை காலமை எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு நிற்க, உமது மகள் ஃபோன் எடுத்தாள்.

"அன்ரி, அம்மா போயிட்டா."

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, தெரிந்தவர்கள்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். என்ன செய்கிறேன் என்று விளங்காமலே அந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உமது வீட்டுக்கு வந்தேன். உமக்கென்று அவித்த இடியப்பத்தை உமது செத்தவீட்டுக்கு வந்த சனம் சாப்பிட்டது. "சொதி நல்லாயிருக்கு, ஆர் வச்சது?" என்று ஒரு அண்ணை கேட்டார். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

இப்போது ஆருக்கும் சுகமில்லை என்று கேள்விப்பட்டால் வேலை உடுப்போடேயே போகிறேன். போன மாதம் எங்களோடு வேலை செய்கிற பிள்ளை ஒருத்திக்கு ஒப்பரேசன். வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளுடைய கட்டிலடியில் நின்றேன். அவளுடைய மாமி என் கையைத்தான் பார்த்தா. பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் இவ்வளவு நாளும் எழுத மனம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று உமது மகள் என்னை அறைக்குள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உமது பையை அப்போதுதான் பிரித்தாளாம். சாப்பாட்டுத் தட்டில் வருகிற சின்னப் பிஸ்கற் பக்கெற்றுகளை நீர் தின்னாமல் எடுத்து, கட்டிலடி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டே வந்தீராம். ஏனம்மா என்று கேட்டதற்கு, "அவ வேலையால பசியோட வருவா. வாற மனிசிக்குக் குடுக்க இங்க என்னட்ட வேற என்ன இருக்கு?" என்றீராம்.

நாலு பக்கெற். என் கையில் வைத்தாள். வேலைக்குக் கொண்டுபோகிற பைக்குள் இன்னும் கிடக்கின்றன. எல்லாம் நொறுங்கி மாவாகிப் போச்சு. பிரித்துத் தின்னவும் ஏலவில்லை, எறியவும் ஏலவில்லை.