கேரம் ஆடக் கூப்பிடுவது

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மூன்று மணிக்கு என் வீட்டு கேட்டின் கொண்டிச் சத்தம் கேட்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும், இரண்டே முக்காலுக்கே முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். பழக்கத்தை என்ன செய்வது, சொல்?

நீ உள்ளே வந்து கூப்பிட்டதே இல்லை. கேட்டுக்கு வெளியே, கையில் உன் ஸ்ட்ரைக்கரோடு நின்று, "ராஜி, ஆடலாமா?" என்பாய். நான் உடனே எழுந்து வந்ததில்லை. "இரு, வேலை இருக்கிறது" என்பேன். "இன்னாடி மகாராணி, வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா? போர்டை எடு. தோத்துட்டு அப்புறமா உன் வேலையப் பாரு" என்பாய். அந்த இரண்டாவது அழைப்புக்குப் பிறகுதான் கதவைத் திறப்பேன். வேலை ஒன்றும் இருந்ததில்லை, ஸ்டெல்லா. உனக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

கான்வென்ட்டிலும் இப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் விளையாட்டு அறையைத் திறந்துவிடுவார்கள். இருந்தது ஒரே ஒரு கேரம் போர்டு. மற்றப் பெண்கள் இடம் பிடிக்க ஓடுவார்கள். நான் ஓடமாட்டேன், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ ஓடிப் போய் எதிர்ப் பக்கத்தில் பையை வைத்து எனக்கும் இடம் பிடித்துவிட்டு, திரும்பி வந்து கூப்பிடுவாய்.

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, வீட்டில் உறவுக்காரர்கள் இருக்கும்போதே வந்து நின்றாய். அவருடைய அக்கா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ அசரவில்லை. "நீங்களும் வரீங்களா அண்ணி? மூணு பேரா ஆடலாம்" என்றாய். அன்று நான் நாலு காய்கூடப் போடவில்லை. ஆனால் அந்த மாதத்தில் எனக்குப் பசி எடுத்த முதல் நாள் அதுதான். இதை உன்னிடம் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, இங்கே நடந்ததைக் கேள்.

மாடி அறைக்கு இரண்டு பெண்கள் குடி வந்திருக்கிறார்கள், செல்வி என்றும் பேச்சி என்றும். சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் நம் தெருமுனையிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை இல்லாத ஞாயிறுகளில் மத்தியானம் வரை தூங்குவார்கள். ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு என் தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போர்டைத் தரையில் வைத்து ஆடுகிறார்கள் போல. காய் குழியில் விழுந்ததா, கட்டையில் பட்டுத் திரும்பியதா என்பதுகூடக் கீழே எனக்குக் கேட்டது.

மூன்று ஞாயிறு கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலாவது ஞாயிறு மாடியேறிக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரே பரபரப்பு. "ஏட்டி, ஓனரம்மா. அடுப்பக் கட்டிலுக்கு அடியில தள்ளு" என்று ஒரு குரல். கதவைத் திறந்த செல்வி, நான் வாயைத் திறக்கும் முன்பே, "அம்மா, மோட்டார அப்பமே அமத்தியாச்சு. வாடகை ஏழாந்தேதிக்குள்ள தந்திருவோம்" என்றாள். அறை நடுவில் காய்கள் கலைந்து கிடந்தன. நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "கரண்ட் அடுப்பு வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு மேலே சத்தமே இல்லை. ஓ.டி. என்று நினைத்தேன். ஆனால் நடமாடும் காலடி கேட்டது. இரண்டு நாள் கழித்து மோட்டார் போட வந்த பேச்சி, "அன்னைக்கு நீங்க ஏறி வந்தது கேரம் சத்தத்துக்குத்தானம்மா? இனி ஆட மாட்டோம். போர்டைத் தெரிஞ்ச பிள்ளைகளுக்குக் குடுத்திரலாம்னு இருக்கோம்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "உம்" என்றேன். இப்படி ஒரு ஜென்மத்தை நீ எப்படித்தான் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டாய்?

அந்த வார ஞாயிறு மறுபடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. படியிலேயே நின்றேன். "நானும் ஆட வரட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னதும்மா?" என்றாள் செல்வி.

"கேரம்."

பேச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏட்டி செல்வி, ஓனரம்மா ஆட வந்திருக்காவ. நான் ரூமக் காலி பண்ணச் சொல்லப் போறாவளோன்னுல்லா பயந்தேன்."

எனக்குத் தரையில் உட்கார முடியாது என்பதால் போர்டைத் தண்ணீர் டிரம் மேல் தூக்கி வைத்தார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். செல்வி கட்டைவிரலால் அடிக்கிறாள். "அது கூடாது" என்றேன். "எங்க ஊர்ல கூடும்மா. நீங்க உங்க சட்டப்படி ஆடுங்க, நாங்க எங்க சட்டப்படி ஆடுதோம்" என்றாள். ரெட்டும் அவளே போட்டாள், அதைத் தொடர்ந்து போட வேண்டிய ஃபாலோ காயையும் போட்டாள். இரண்டு போர்டும் தோற்றேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கீழே வந்த பிறகும் அந்தப் படியில் நின்ற ஒரு நிமிஷம்தான் மனதை விட்டுப் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எப்படித் திரும்பி இறங்குவது என்ற பயம். நீ ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பயத்தோடுதான் என் கேட்டில் நின்றாயா? உன் கடைசி வருஷத்தில் ஒரு நாள், முந்தைய வாரம் தோற்ற ரோஷத்தில், தலைவலி என்று பொய் சொல்லி உன்னைத் திருப்பி அனுப்பினேன். தெருமுனை வரை நீ நடந்து போனதை ஜன்னலில் நின்று பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி கூப்பிட்டாய். எங்கே கற்றுக்கொண்டாய் அதை? இருவரும் ஒரே கான்வென்ட்டில்தானே படித்தோம்?

இந்த ஞாயிறு அவர்களுக்கு ஓ.டி. அதற்கடுத்த ஞாயிறு நானே மேலே போய்க் கூப்பிடுவேன். "இன்னைக்கு வேண்டாம்மா, அசதியா இருக்கு" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் இறங்கி வருவேன். அதற்கடுத்த ஞாயிறும் போய்க் கூப்பிடுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு, ஸ்டெல்லா.

உன் உடன்பிறவாத சகோதரி,
ராஜி