பதினோராவது யன்னல்

இன்று காலை, வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மரப்படிகளுக்கு மெழுகு பூசினேன். அந்தத் தேன்மெழுகு மணம் எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருடம். ஆனாலும் அழுகை வரவில்லை. இங்கிலாந்தில் நாம் பார்த்த, இதே மணம் வீசிய பிரபு மாளிகையில் நீ பிடித்த அடத்தை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

2003 கோடையில் உன் மச்சாளின் கலியாணத்துக்காக ஒஸ்லோவிலிருந்து லண்டன் போயிருந்தோம். மற்றவர்கள் சேலைக் கடைக்குப் போன நாளில் நீ என்னை பஸ் ஏற்றி அந்த மாளிகைக்குக் கூட்டிப்போனாய். இலங்கையில், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் கட்டடக்கலை படித்தவள் நீ. எண்பத்துமூன்று கலவரத்தோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒஸ்லோ வந்து இந்த இல்லத்தில் என்னோடு தரை துடைத்தாய். படித்ததைப் பற்றி யாரிடமும் கதைத்ததில்லை.

மாளிகையின் முகப்பைப் புல்வெளியில் நின்று நெடுநேரம் பார்த்தாய். வாசலுக்கு இருபுறமும் அளந்து வைத்தாற்போல் ஒரே அளவு யன்னல்கள். உள்ளே மேல்மாடியைச் சுற்றி முடித்ததும் நின்றுவிட்டாய்.

“வெளியிலை மேல்மாடிக்குப் பதினொரு யன்னல். உள்ளை பத்துத்தான் இருக்கு.”

“விசரே உனக்கு? வா, பஸ் போயிடும்.”

நீ அசையவில்லை. வழிகாட்டியாக நின்ற வெள்ளைக்கார அம்மா, நீ பிழையாக எண்ணியிருப்பாய் என்றார். கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் மேல்மாடியின் வரைபடத்தைக் கீறி, இரண்டு அறைகளுக்கு நடுவே விடுபட்ட இடத்தைக் காட்டினாய். அவர் யோசித்துவிட்டு, சுவரில் ஒட்டிய பூப்போட்ட காகிதமே ஒட்டி மறைந்திருந்த ஒரு கதவைத் திறந்தார். கதவை அவருக்குத் தெரியும். யன்னலைப் பற்றித்தான் நினைத்ததில்லை.

உள்ளே வேலைக்காரர்கள் ஏறி இறங்கிய ஒடுங்கிய படிக்கட்டு. யன்னல் இருக்கவேண்டிய இடத்தில் செங்கல். முகப்பு ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று வெளியே மட்டும் சட்டமும் கண்ணாடியும் வைத்திருந்தார்கள்.

“தண்ணி வாளியோடை இந்த இருட்டிலை ஏறியிருக்குதுகளடி” என்று சுவரைத் தடவினாய்.

கட்டடக் கலைஞரா என்று அந்த அம்மா உன்னைக் கேட்டார். துப்புரவு வேலை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நீ என் கையை அமத்தினாய். “படித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தை முடிக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். பஸ்ஸில் அழுதாய். “இருபது வரியமா இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

ஒஸ்லோ திரும்பியதும் கட்டட வரைபடப் படிப்புக்கு விண்ணப்பித்தாய். முதல் முறை இல்லை என்றார்கள். மறுவருடம் எடுத்தார்கள். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் உன் வீட்டு மேசை முழுக்கத் தாள்கள். நான் வரும்போதெல்லாம் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். நாற்பத்துநான்கு வயதில் ஒரு சிறிய அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தது.

பிறகு இந்த இல்லத்தைத் திருத்தும் வேலையே உன் மேசைக்கு வந்தது. வந்த திட்டத்தில் துப்புரவாளர்களின் ஓய்வறை பழையபடி நிலவறையில்தான் என்று போட்டிருந்தார்கள். நீ சாமான் அறையைக் கீழே இறக்கி எங்களை மேலே ஏற்றினாய். ஏன் என்று உன் அலுவலக முதலாளி கேட்டபோது, “அந்த நிலவறையில் பத்து வருடம் கோப்பி குடித்தவள் நான்” என்றாயாம்.

நோய் வந்து வருத்தம் கூடியிருந்த நிலையிலும் வந்து அந்த அறையைப் பார்த்தாய். “வெயில் சரியா மேசைக்கு வருது” என்று மட்டும் சொன்னாய். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் அந்த அறையைத்தான் காட்டுகிறேன். “இதை ஆர் கீறினது தெரியுமே? எங்களிலை ஒருத்தி” என்பேன். அதைச் சொல்லும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.