நன்றாக வேலை செய்கிறது

9-3-2007

மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை நினைவிருக்குமோ, தெரியவில்லை. சென்ற ஆண்டு இதே நாளில் மூளைச்சாவு அடைந்த பெண்ணின் தகப்பன் நான். அவள் கல்லீரலை இன்னொருவருக்குப் பொருத்தியவர் நீங்கள். யாருக்கு என்று சொல்லக்கூடாதென்பது விதி, கேட்கவில்லை. அது வேலை செய்கிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும். இப்படிக் கேட்பது முறைதானா என்று மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

"டாக்டரைப் போய் ஏங்க நச்சரிக்கிறீங்க?" என்கிறாள் என் மனைவி. தபால்தலை வாங்கி வந்ததும் அவள்தான்.

எங்கள் வாலு எந்த இடத்திலும் ஆறு மாதம் நிலைத்ததில்லை. விடுதி மாற்றுவாள், வேலை மாற்றுவாள். "போரடிக்குதுப்பா" என்பாள். போன இடத்திலாவது ஒழுங்காக இருக்கிறாளா என்று கவலை.

பணிவுடன்,
வாலுவின் அப்பா

15-3-2007

ஐயா,

நன்றாக வேலை செய்கிறது.

மருத்துவர்,
கல்லீரல் மாற்று அறுவைப் பிரிவு

14-3-2010

அன்புள்ள ஐயா,

நன்றாக வேலை செய்கிறது. முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்களே, இப்போது எப்படி? படியேறாதீர்கள். அம்மா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா?

பேராசிரியர் பதவிக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து கிடைத்தது. முதல் வகுப்பில் ஒரே ஒரு நொடியைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினேன். ரத்தக்குழாயை அடைத்திருந்த இடுக்கியை எடுத்ததும், வெளிறிக் கிடந்த கல்லீரல் சிவக்கும் நொடி. ஒரு மாணவன் தூங்கிவிட்டான்.

வாலு என்னென்ன வேலை பார்த்தாள்? விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
டாக்டர்

9-3-2015

முதல்வர் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கல்லூரி முதல்வரான செய்தியைப் படத்தோடு நறுக்கி வைத்திருக்கிறேன். தலை நரைத்துவிட்டதே!

என் மனைவி சென்ற மாதம் போய்விட்டாள். கடைசி வாரத்திலும் "டாக்டரம்மாக்கு லெட்டர் போட்டாச்சா?" என்றுதான் கேட்டாள். இந்தத் தடவை தபால்தலையை நானே போய் வாங்கினேன்.

வழக்கமான கேள்விதான். வேலை செய்கிறதா?

வாலுவின் அப்பா

21-2-2020

அன்புள்ள ஐயா,

மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். ஆயிரத்துக்கு மேல் அறுவைகள், ஒரு துறை, ஒரு கல்லூரி என்று பாராட்டு மடலில் வாசித்தார்கள். அதில் இல்லாத ஒன்றை உங்களுக்கு எழுத வேண்டும்.

2009 நவம்பரில் அந்தக் கல்லீரல் செயலிழந்தது. அதைப் பொருத்திக்கொண்டவரையும் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த மார்ச்சில் உங்கள் கடிதம் வந்தது. உண்மையை எழுதக் கை வரவில்லை. "நோயாளியின் வீட்டாரிடம் பொய் சொல்லாதீர்கள்" என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, பத்து வருடம் உங்களுக்குப் பொய் எழுதினேன். மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

டாக்டர்

9-3-2020

அன்புள்ள டாக்டரம்மா,

எனக்குத் தெரியும். முப்பது ஆண்டு அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். முதல் மூன்று வருடமும் உங்கள் பதில் ஒரே வரி. நான்காவது, பக்கம் நிறைய. என் முழங்காலையெல்லாம் விசாரித்திருந்தீர்கள். நல்ல செய்திக்கு அவ்வளவு தாள் தேவைப்படாதே.

மனைவியிடம் முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு ஏது வாய்?

தெரிந்தும் ஏன் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பீர்கள். வாலுவைப் பற்றி என்னிடம் கேட்க உங்களை விட்டால் யாருமில்லை.

நவம்பர் என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருடம், எட்டு மாதம். அவள் எங்கேயும் அத்தனை நாள் இருந்ததில்லை. அந்த இடம் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

இனிக் கேள்வி எதுவும் இல்லை. இருந்தாலும் அடுத்த மார்ச்சுக்குத் தபால்தலை வாங்கிவிட்டேன். ஓய்வு பெற்றுவிட்டீர்களே, இனி எந்த முகவரிக்கு எழுதட்டும்?

வாலுவின் அப்பா