எட்வின் வாயால்

ஜனவரி 18, திங்கள்

காலையில் பனி. ரயில்வே கேட்டில் எஞ்சின் விளக்கு மட்டும் தெரிந்தது, ரயில் தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு கடையில் இன்றுதான் வியாபாரம். பம்புசெட் ஒன்று, ஓஸ் கொஞ்சம்.

மதியம் நாகப்பட்டினத்திலிருந்து போன். பந்தயம் உறுதி. பிப்ரவரி முதல் வாரம், புதுச்சேரியிலிருந்து நாகை வரை, பாய்மரப் படகுகள் மட்டும். எட்வினும் பெயர் கொடுத்திருக்கிறான். அவன் பெயரை முழுதாக எழுத இஷ்டமில்லை. இனி எ. போதும்.

சாப்பிடும்போது பிலோவிடம் சொன்னேன். "மறுபடியுமா?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 20, புதன்

நடந்ததை ஒரு தடவையாவது எழுதி வைக்கிறேன். எனக்காக.

போன வருடம் இதே பந்தயம். எ.வின் வெள்ளைப் படகு. சிங்கப்பூரிலிருந்து திரும்பியவன், கொச்சியில் வாங்கி வந்தான். நான் துபாயில் இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் முதலாளியின் படகில் கயிறு இழுத்துக் கற்றவன். அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டான். பிலோவின் தம்பி பாபு ஆசைப்பட்டுக் கூட வந்தான்.

பின்காற்று. அந்தக் காற்றில் பாயின் அடியில் இருக்கும் நீளக் கட்டையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் படகு லேசாகத் திரும்பினாலும் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும். நான் கட்டினேன். எ. அவிழ்த்தான். "இது இருந்தா படகு திரும்பாதுடா." சுக்கானை முழங்காலால் இடுக்கிக்கொண்டு தரங்கம்பாடிக் கோட்டையைப் போட்டோ எடுத்தான். கட்டை வீசியது. பாபுவின் வலது முழங்கை நொறுங்கியது.

கரைக்கு வந்ததும் எ. எல்லோரிடமும் சொன்னது: "சேவியர் கயிறு கட்ட மறந்துட்டான்."

நான் கட்டியதும் அவன் அவிழ்த்ததும் பாபுவுக்குத் தெரியாது, முதுகு காட்டி நின்றிருந்தான். எதையும் பார்க்கவில்லை. மஸ்கட் விசா கையில், வெல்டர் வேலை. மெடிக்கலில் கை மடங்கவில்லை. போச்சு. இப்போது எஸ்.டி.டி. பூத்தில், வெளிநாட்டுக்குப் பேசுகிறவர்களுக்குப் பில் கிழித்துக் கொடுக்கிறான். நான் உண்மையைச் சொன்னபோது, "விடுங்கத்தான், ஆனது ஆச்சு" என்றான். நம்பவில்லை என்று அர்த்தம். அத்தை, பிலோவின் அம்மா, என்னோடு பேசி ஒரு வருடம். பிலோ பேசுகிறாள், ஆனால்...

அந்த "ஆனால்" எ. தந்தது. அவனுக்குத் திருப்பித் தர வேண்டும்.

ஜனவரி 24, ஞாயிறு

பூசை முடிந்து நேராக நாகை. வெயில்.

நம் படகு நீலம், பழசு. காரைக்காலில் ஏலத்தில் எடுத்தது. அடிப்பகுதியில் சிப்பி ஒட்டியிருந்தது. மூன்று பேரும் சுரண்டினோம். மாலதி தஞ்சாவூரில் கல்லூரியில் பிசிக்ஸ் எடுக்கிறவர், படிக்கும்போது என்.சி.சி. கடற்படைப் பிரிவு. கணேசன் என் கடைக்குப் பக்கத்து ஊர், குத்தகைக்குச் சாகுபடி. கடலில் முதல் ஒரு மணி நேரம் வாந்தி, பிறகு காளை மாதிரி இழுப்பான்.

கணேசன்: "அறுப்பு மிஷின் அஞ்சாந்தேதி வர்றேங்கிறான். அன்னிக்குத்தானே நாம கெளம்புறது?"

"தம்பிய நிக்கச் சொல்லுங்க."

"அவனுக்குக் கருதே தெரியாது, களைதான் தெரியும்." ஆனாலும் கணேசன் வருவான்.

வாங்க வேண்டியவை: நைலான் கயிறு. டார்ச் செல். எலுமிச்சை (கணேசனுக்கு). பாய் தைக்கத் தடித்த ஊசி. பழைய டியூப்.

மாலதி கேட்டார்: "நீங்க ஜெயிக்கணும்னு வர்றீங்களா, அவரத் தோக்கடிக்கணும்னு வர்றீங்களா?"

ரெண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்று தலையாட்டினார். வாத்தியார் புத்தி.

பிப்ரவரி 5, வெள்ளி. புதுச்சேரி

வடகிழக்குக் காற்று, நிதானம். வானம் சுத்தம்.

எல்லாப் படகிலும் எஞ்சின் சாவிக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். உடைந்திருந்தால் பந்தயத்திலிருந்து நீக்கம். உயிர் காப்பாற்ற என்றால் உடைக்கலாம், ஆனால் வேறொரு படகு பார்த்திருக்க வேண்டும்.

எ. வந்தான். கறுப்புக் கண்ணாடி, புது ஷூ. "டேய் சேவியர், கயிறெல்லாம் கட்டியாச்சா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணேசன் முஷ்டியை மடக்கினான். நான் சிரித்து வைத்தேன். சிரித்ததற்கும் சேர்த்துத் தருவேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்புகிறோம்.

பிப்ரவரி 6, சனி. நாகை

கை காய்த்து எரிகிறது. எழுத்து கோணல்.

ராத்திரி முழுக்க நல்ல காற்று. கணேசன் வழக்கம்போல். விடிந்தபோது தரங்கம்பாடிக்கு நேரே இருந்தோம். வெள்ளைப் படகு எங்களுக்குக் கொஞ்சம் முன்னால். பாய் நிறம் தெரிகிற தூரம்.

கரைப் பக்கம் ஒரு மீன்பிடி வள்ளம். மோட்டார் நின்றுபோய், அலை அதைக் கல்தடுப்பை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர், துண்டை வீசினார்கள்.

எ. பாயை இறக்கினான். எஞ்சின் புகை தெரிந்தது. கயிறு எறிந்து, வள்ளத்தைக் கட்டி, வெளியே இழுத்தான். அந்த அலையில் அவன் படகும் கல்லில் போயிருக்கலாம். நன்றாகச் செய்தான். எழுதவே எரிகிறது. நன்றாகத்தான் செய்தான்.

மாலதி: "நாமளும் போகணும்ங்க."

"அவன் போயிட்டான்ல. நாம போயி என்ன செய்யப் போறோம்?"

தாண்டி வந்துவிட்டோம். மாலதி திரும்பி வள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மதியம் நாகைக் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது வெள்ளைப் படகு மறுபடி எங்களைப் பிடித்தது. பெரிய பாய். முதலில் அவன், ஒட்டியே நாங்கள்.

ஆனால் அவன் முத்திரை உடைந்திருக்கிறது. வள்ளக்காரர்கள் யார், எந்த ஊர், அவன் கேட்கவில்லை. பார்த்தது நாங்கள் மட்டும். நாளை காலை விசாரணை.

ஒரு வருடமாகக் கேட்டது இதைத்தான்.

பிப்ரவரி 7, ஞாயிறு

வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு, பரிசு கொடுப்பதைப் பார்க்க பிலோ, பாபு, அத்தை மூவரும் வந்திருந்தார்கள். பாபுதான் அத்தையை வற்புறுத்தி அழைத்து வந்தானாம்.

லாட்ஜ் வாசலில் எ. என்னைப் பிடித்தான். கண்ணாடி இல்லை.

"சேவியர், நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"சொல்லுவேல்ல?"

"சொல்றேன். முதல்ல நீ சொல்லு. போன வருஷம் கயிற அவுத்தது யாரு?"

"அத இப்ப எதுக்குடா கிளப்புற? தனியா பாபுகிட்ட நானே பேசுறேன்."

"தனியா வேணாம். எல்லார்கிட்டயும்தானே அப்ப சொன்ன? இப்பவும் எல்லார் முன்னாடியும் சொல்லு."

"இது மிரட்டல்டா."

"ஆமா."

ஹாலில் பந்தயக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரி, எ.விடம் கேட்டார்: "சாட்சி யாராவது உண்டா?" எ. என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே யாரோ வலை உதறிக்கொண்டிருந்தார்கள். மாலதி எழுந்திருக்கப் போனார். "ஒரு நிமிஷம்" என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

எ. எழுந்தான்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். போன வருஷம் பாபுவுக்கு அடிபட்டது... சேவியர் கயிறு கட்டித்தான் இருந்தாரு. நான்தான் அவுத்தேன். போட்டோ எடுக்கிறப்ப சுக்கான விட்டுட்டேன். பழிய அவர் மேல போட்டேன்."

என்னை "அவர்" என்றான். அது மட்டும் போதும் போலிருந்தது. போதவில்லை.

பாபு எழுந்து வெளியே போனான். அத்தை அசையவில்லை. பிலோ என்னைப் பார்த்தாள், ஒரு வருடம் கழித்து முழுசாக.

தலைவர் என்னிடம் கேட்டார். கண்டதைச் சொன்னேன், ஒன்றும் குறைக்காமல். மாலதியும் சொன்னார். எ.வுக்கு முதல் பரிசு. எங்களுக்கு இரண்டாவது.

வண்டிக்கு நடக்கும்போது மாலதி: "அவர் சொல்லலன்னா நீங்க வாயத் திறந்திருக்க மாட்டீங்க. இல்ல?"

அடுத்த தடவை வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நல்ல ஆள். போனது நஷ்டம்தான்.

கணேசன் மட்டும்: "அவன் மூஞ்சியப் பாத்தேன். எனக்கு அறுப்பு போனாலும் பரவால்ல."

பிப்ரவரி 10, புதன்

மேகம். கணேசன் இன்னும் அறுக்கவில்லை, மழை வந்தால் செத்தான்.

பாபு கடைக்கு வந்தான். வெகுநேரம் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அன்னிக்கே சொன்னீங்க. நான் கேக்கல அத்தான்." அழுதுவிடுவான் என்று டீ வாங்கி வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்படி அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பிப்ரவரி 14, ஞாயிறு

மழை இல்லை. அறுப்பு முடிந்துவிட்டதாம்.

அத்தை வீடு. கொடுவா மீன் குழம்பு. பாபு இப்போது இடது கையால் சாப்பிடுகிறான், ஸ்பூன் இல்லாமல். பழகிவிட்டது.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் யாரோ தட்டினார்கள்.

"யாரு?" என்றார் அத்தை.

"நான்தாம்மா, எட்வின். பாபுவப் பாக்கணும். சிங்கப்பூர்ல ஒரு ஸ்டோர் வேலை... கை அவ்வளவா தேவப்படாது. பேசிட்டுப் போயிடுறேன்."

அத்தை பாபுவைப் பார்த்தார். பாபு என்னைப் பார்த்தான். பிலோவும். நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை தாழ்ப்பாளை எடுத்துவிடுவார், தெரிந்தது.

மறுபடி தட்டல். மெதுவாக.

"அத்தை, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றேன்.