மெக்கின்னன் கூடாரத்தில் உன் அப்பா பெயர்

உன் கம்பளிச் சால்வை போன வாரம் வந்து சேர்ந்தது. சிவப்பும் பச்சையுமாய்க் கட்டம் போட்ட சால்வை. உன் அடக்கம் முடிந்த கையோடு உன் மகள் பெட்டி கட்டி அனுப்பினாளாம். அது கடலெல்லாம் சுற்றி, இங்கே மழை பிடித்த பிறகு வந்திருக்கிறது. பிரித்ததும் நீ முட்டிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடை அடித்தது. இந்த ரங்கூன் புழுக்கத்தில் கம்பளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நாற்காலி முதுகில் போட்டிருக்கிறேன். பெட்டி கட்டும்போது நான் செய்தது உன் மகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாள்.

இப்போதெல்லாம் எனக்கு எதற்கும் தெம்பில்லை. ஆனாலும் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

ரங்கூன் அலோன் துறைமுகக் கிடங்கு ஆபீசில் முப்பது வருடம் எதிரெதிர் மேசையில் தட்டச்சு செய்தோம். அவ்வளவு நாளில் உன் அப்பாவைப் பற்றி நீ பேசியது கொஞ்சம்தான். உன் அம்மா அலோன் தமிழச்சி. அப்பாவின் அப்பா ஐராவதியில் ஓடிய ஸ்டீமர்களில் எஞ்சினியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர், மெக்கின்னன். உன் அப்பா ரயில்வே வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஊ தெய்ன் மாங் ஆனார். பர்மாக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அதனால் பழைய பெயர் எங்கே போயிற்று என்று கேட்கவும் ஆளில்லை. நீ கேட்டால், "வாய மூடிக்கிட்டு சோத்தத் தின்னு" என்பாராம். கல்லறையிலும் பர்மியப் பெயரைத்தான் பொறித்தீர்கள்.

பிறகு நீ மகளோடு அமெரிக்கா போனாய். மலைப்பக்கம் ஏதோ சின்ன ஊர். முதல் வருடக் கோடையில் நீ போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏய், இந்த ஊரு ஆம்பளைங்க எல்லாம் இன்னிக்கு லொஞ்சி கட்டியிருக்கானுங்கடி! நம்ம ஊரு கட்டம் போட்ட லொஞ்சியேதான். முடிச்சுப் போடத் தெரியாம பெல்ட்டு மாட்டியிருக்கானுங்க. முட்டி வேற தெரியுது."

ஊரே கூடி ஸ்காட்லாந்துத் திருவிழா நடத்துகிறது என்றாய். ஒருவன் முழு மரத்தைத் தூக்கித் தலைகுப்புறப் போடுகிறான், பெண் பிள்ளைகள் தரையில் குறுக்காகப் போட்ட வாளுக்கு மேலே குதித்து ஆடுகிறார்கள், தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதுகிற வாத்தியம் காதைப் பிய்க்கிறது என்றெல்லாம் வர்ணித்தாய். அவர்களுடைய முப்பாட்டன்கள் எப்போதோ கப்பல் ஏறி வந்தவர்கள். பாதிப் பேர் ஸ்காட்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. "நாம இந்தியாவப் பாத்த மாதிரிதான்" என்றாய். நான் சிரித்தேன். நாலு தலைமுறையாக நம் பங்குனித் திருவிழாவில் காவடி தூக்குகிறவர்களில் எத்தனை பேர் தமிழ்நாட்டைப் பார்த்தார்கள்?

அந்த மைதானத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கூடாரம். ஒன்றின் வாசலில் மெக்கின்னன் என்று பலகை தொங்கியது. நீ உள்ளே போனாய். உன் கறுத்த முகத்தைப் பார்த்து, யாருடைய வீட்டுக்காரம்மா என்று பணிவாகக் கேட்டு, குடிக்க எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். "நான் யார் வீட்டுக்காரியும் இல்ல, நானே மெக்கின்னன்தான்" என்று சொன்னாயாம்.

அங்கே ஒரு வழக்கம். குலத்தில் செத்துப்போனவர்கள் பெயரை ஒரு பெரிய புத்தகத்தில் ஏற்றி, திருவிழாவின் கடைசி மாலையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் "இங்கே" என்று குரல் கொடுப்பார்கள். உன் அப்பா பெயரை அப்படி ஒருமுறை வாசிக்கக் கேட்க வேண்டும் என்பது உன் ஆசை. புத்தகம் வைத்திருந்த கிழவி நல்லவள். "அவர் மெக்கின்னன்னு காட்ட ஏதாவது ஒரு காகிதம் போதும், கண்ணு" என்றாளாம். ரங்கூனில் அவர் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் பதிவேடு இருக்கும். நகல் எடுக்க ஆள் நேரில் போக வேண்டும். நீ கையெழுத்திட்ட கடிதம் அனுப்பினாய். நான், "இதுக்கென்னடி, நாளைக்கே போறேன்" என்றேன்.

நாளைக்கு என்றேன். அதற்கு அடுத்த வாரமும் நாளைக்கு என்றேன். உனக்கு இங்கத்திய நிலைமை தெரியாமல் இல்லை. போன் எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வியே, "மீ இருக்கா?" என்பதுதான். கரண்டுக்கு நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அது வருகிற நாலு மணி நேரத்தில் மோட்டார் போட்டு நாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றாவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை, சோறு இல்லை. நான் இருக்கிற மிங்கலா தாங்ஞுன்ட்டிலிருந்து பஸ் ஏறினால் வழியில் ராணுவக்காரர்கள் எங்கே நிறுத்தி என்ன கேட்பார்களோ என்று பயம். முட்டி வலி வேறு. எல்லாம் உண்மைதான். ஆனால் மார்க்கெட்டுக்குப் போனேன், காவடி பார்க்கப் போனேன், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கும் போனேன். உன் காரியத்துக்கு மட்டும் கால் வரவில்லை.

ஒரு வருடம் ஓடிவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ மறுபடி கேட்டாய். எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. வாய் தானாகப் பொய் சொன்னது.

"அந்தப் பதிவேட்டக் கரையான் தின்னுடுச்சாம்டி. போய்க் கேட்டுட்டு வந்துட்டேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று "அலோ, அலோ" என்றேன்.

"இருக்கேன்டி" என்றாய். பிறகு, "உன் முட்டி எப்படி இருக்கு? மாடி ஏற முடியுதா?" என்று கேட்டாய்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோடையிலும் நீ கூடாரத்துக்குப் போனாய். "எல்லார் பேரும் வாசிச்சாங்கடி" என்றாய். "நானும் கூடச் சேந்து 'இங்கே' சொன்னேன், மத்தவங்க அப்பன் ஆத்தாளுக்கு." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மீ வந்துவிட்டது, தண்ணீர் ஏற்ற வேண்டும் என்று போனை வைத்திருப்பேன். மார்கழியில் உன் மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

பதினாறு நாள் கழித்து நான் பஸ் ஏறினேன். இருபது நிமிடம். எண்ணிக்கொண்டே போனேன், யாரும் நிறுத்தவில்லை, இருபதே நிமிடம்தான். கோயில் ஆபீசில் இருந்தவர் நம் தமிழ் ஆள். கடிதத்தில் உன் அப்பா பெயரை மட்டும் பார்த்துக்கொண்டார், எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தார்.

"கரையான் அரிச்சிருச்சுன்னு சொன்னாங்களே" என்றேன். என் பொய்யை யார் தலையிலோ கட்டிவிடப் பார்க்கிறேன், பார்.

அவர் சிரித்தார். "இது இரும்புப் பீரோ அக்கா. கரையான் எங்க இருந்து வரும்? முன்ன மரப் பீரோதான் இருந்துச்சு. அலோன்ல இருந்து ஒரு அம்மா சனிக்கிழமையானா வரும், கோயில் வேல செய்ய. அதுதான் ஃபாதர்கிட்ட சண்ட போட்டு இத வரவச்சுச்சு. ஒவ்வொரு புக்கா அதே கையால துடைச்சு அடுக்குச்சு. இப்ப அமெரிக்காவுல இருக்குதாம்."

பீரோக் கதவின் உள்பக்கம் பதிவேடுகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. நம் ஆபீஸ் மெஷினில் அடித்தது. அதில் ஓர் எழுத்து மட்டும் வரியை விட்டு மேலே குதிக்குமே, அது வரிக்கு வரி குதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா நீதான். சனிக்கிழமை நீ கோயிலுக்குப் பூ வைக்கத்தான் போகிறாய் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். புத்தகங்களைத் துடைத்து அடுக்கிய நாளில், அப்பாவின் கோபத்துக்குப் பயந்து, அவர் பக்கத்தை மட்டும் நீ புரட்டிப் பார்க்காமல் இருந்திருப்பாய். பத்து நிமிடத்தில் நகல் கைக்கு வந்தது. உன் அப்பா பெயர் ஒரு எழுத்தும் மங்காமல் இருந்தது.

அதைப் படம் பிடித்து உன் மகளுக்கு அனுப்பினேன். நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தன் அரைத் தமிழில், "ஆன்ட்டி, அம்மா வெயிட் பண்ணாங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இந்தக் கோடையில் அவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. கட்டம் போட்ட பாவாடை கட்டிய தாத்தா ஒருவர் புத்தகத்தைப் பார்த்து உன் அப்பாவின் மெக்கின்னன் பெயரை வாசிக்கிறார். பிறகு திக்கித் திணறி, ஊ தெய்ன் மாங் என்றும் வாசிக்கிறார். கூட்டம் "இங்கே" என்கிறது. அடுத்த பெயர் உன்னுடையது.

அப்பா பெயரைக் கேட்க நீ அங்கே இல்லை. அதற்கு நான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு உன் மேல் கோபமும் இருக்கிறது. நான் கரையான் என்று சொன்ன அந்த நிமிடமே உனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஓய்ந்துபோயிருக்கிறேன் என்று இரக்கப்பட்டு முட்டியைப் பற்றிக் கேட்டாய். உன்னை யார் இரக்கப்படச் சொன்னார்கள்? ஆபீசில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும், "கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று பத்துப் பேர் முன்னால் கத்தியவள்தானே நீ. நீ கத்தாமல் விட்டதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தால், மறுநாள் காலையிலேயே பஸ் ஏறியிருப்பேனே.